கும்பினிச் சுவர்

சுவரில் அந்த ஒரு இடம் மட்டும் காயவேயில்லை.

மற்றதெல்லாம் காய்ந்துதான் கிடந்தது. ஐப்பசி பிறந்தும் மழை இறங்காமல், கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்து, கை விட்டால் முழங்கை வரை போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மேற்குச் சுவரில், உள்பக்கம், ஆள் நின்றால் வாய் வருகிற உயரத்தில், ஒரு தேங்காய் அளவுக்கு ஓட்டை. அதைக் கரிசல் மண்ணைக் குழைத்து அடைத்திருந்தார்கள். அந்த வெயிலுக்கு வெடிக்காத கரிசல் மண்ணை ஜான்பீட்டர் பார்த்ததே இல்லை. இது வெடிக்கவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. ஈரமாக இருந்ததைக்கூட, பழைய சுவர் ஓதம் கட்டுகிறது என்று விட்டுவிடலாம். வெதுவெதுப்பாக இருந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஜான்பீட்டர் டெலிபோன் டிபார்ட்மென்டில் டெக்னீஷியன். கோவில்பட்டியில் வீடு. நாகலாபுரத்துக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவில் இருந்த இந்தச் சின்ன எக்ஸ்சேஞ்சை அவன் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. பாளையக்காரர் சண்டை முடிந்த கையோடு கும்பினி வெள்ளைக்காரன் கட்டிய கட்டிடம் என்று சொல்வார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர், ஆள் படுத்துப் புரளுகிற அகலம். ஊர்க்காரர்கள் ஆடுகூட அடைக்காத இடத்தை டிபார்ட்மென்ட் வாடகைக்குப் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அரசாங்கத்துக்குச் சுவர் கெட்டியாக இருந்தால் போதும். உள்ளே பேய் இருந்தால் அதற்குத் தனியாக டெண்டர் விடவா போகிறார்கள்?

லைன்மேன் ஆறுமுகசாமி அந்த ஊர்க்காரர். கட்டிடத்துக்குள் கால் வைத்துவிட்டால் யார் பெயரையும் சொல்லமாட்டார். ஜான்பீட்டர் அவருக்கு ‘சார்’. சம்சாரம் ‘வீட்ல’. பெற்ற பிள்ளைகள் ‘பெரியவன், சின்னவன்’. போன் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் வெறும் நம்பர். ஜான்பீட்டர் அதை வேலைப் பழக்கம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தான். ஒருநாள் விளையாட்டாகக் கேட்டபோதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

அந்தக் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை இருந்ததாம். சண்டையில் தப்பியவர்கள் எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறார்கள், எந்த ஊரில் ராத்திரி கூட்டம் கூடுகிறது, அவர்களுக்கு யார் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கும்பினிக்குத் தெரியவேண்டும். தெரிந்தவனைப் பிடித்துவந்து இந்த ஓட்டைக்கு முன்னால் நிறுத்துவார்கள். கேட்கிறவன் அந்த அறையில் இருப்பான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது. மிரட்டல் உருட்டல் எதுவும் கிடையாது, ஊர்க்கதை பேசுவது போலத்தான் பேச்சு போகும். பெயரும் இடமும் வாயிலிருந்து விழுந்தால் விடிவதற்குள் அந்தப் பெயருக்குரிய ஆள் புளியமரத்தில் தொங்குவான். பிறகு அந்த அறை இடிந்துபோனது, புளியமரமும் போனது. ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் நிற்பதில்லை என்று ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கரிசல் மண்ணால் அடைக்கிறார்கள்.

“சொல்ல மாட்டேன்னு நின்னவன் என்ன ஆனான்?” என்று ஜான்பீட்டர் கேட்டான்.

ஆறுமுகசாமி வயரைச் சுருட்டிக்கொண்டே, “சொல்லாம இங்கனருந்து யாரும் போனதில்ல சார்” என்றார்.

ஜான்பீட்டர் சிரித்தான். அவனுக்கு இரண்டே இரண்டில்தான் நம்பிக்கை. ஒன்று கர்த்தர், இன்னொன்று பேட்டரி வோல்டேஜ். இரண்டும் அதுவரை அவனைக் கைவிட்டதில்லை.

அப்போது சிரிக்க முடிந்தது. இப்போது அவனிடமும் ஒரு பெயரும் இடமும் இருந்தது.

டெல்வின், அவன் மனைவி இவாஞ்சலினின் அண்ணன். ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை நிறுத்தம் நடந்தது, அதை முன்னால் நின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். ஒருநாள் அந்த ஆபீஸின் ஷெட் தீப்பிடித்து வாட்ச்மேன் செத்துப்போனார். டெல்வின் அந்த நேரம் தன் வீட்டில் படுத்திருந்தார் என்று இவாஞ்சலின் பைபிளைத் தொட்டுச் சொன்னாள். வழக்கில் முதல் பெயர் அவருடையதுதான். ஸ்டேஷனுக்குப் போனால் உயிரோடு திரும்பமாட்டார் என்று வக்கீலே சொல்லிவிட்டதால், புதூருக்கு மேற்கே வேலிமரக் காட்டுக்குள் கரிமூட்டம் போடுகிறவர்களோடு ஒருவராக, உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு ஒளிந்திருந்தார். அந்த இடம் தெரிந்தது மூன்று பேருக்கு. ஜான்பீட்டர், இவாஞ்சலின், மூட்டத்துக்காரர்.

போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோனது. அப்புறம் ஒரு மஃப்டி ஆள் எதிர்த்த டீக்கடையிலேயே குடியிருந்தார். போனில் ஏதாவது பேச்சு காதில் விழுந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் வேலைக்கும் நல்லது என்று பணிவாகக் கேட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஜான்பீட்டர் சொல்லிவிட்டான். ஆனால் அன்றைக்குப் படுக்கையில் புரளும்போது, மச்சான் பிடிபட்டுத் தொலைந்தால் வீடாவது அமைதியாகுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டினான். தன்னைப் பற்றியே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இவாஞ்சலின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுவர் மண்ணைத் தொட்டுப் பார்த்த அன்று மத்தியானமே ஆறுமுகசாமி வானத்தைப் பார்த்துவிட்டு, கரிசல் நனைந்தால் ஆளை விடாது, இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஜான்பீட்டர் மெஷினில் பழுதான ஒரு கார்டை மாற்றிவிட்டுப் போகலாம் என்று இருந்தான். மாற்றி முடிப்பதற்குள் கூரையில் கல்லை வாரி இறைத்தது போல மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து பார்த்தான். வெந்து கிடந்த மண்ணிலிருந்து ஆவியோடு ஒரு வாசனை எழுந்தது, அது சீக்கிரமே கெட்டித்துக் கிணற்றடி வாசனையாக மாறியது. காட்டு வெடிப்புகள் எல்லாம் தண்ணீரைக் குடித்து வாய் மூடிக்கொண்டிருந்தன.

மழை சற்று வெறித்துத் தூறலானதும் பைக்கைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். பத்து தப்படி போவதற்குள் மண் சக்கரத்தில் சுற்றி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் உருளாமல் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்தான். மறுபடி இரண்டு தப்படி. மறுபடி நின்றது. காலை எடுத்தால் செருப்பு வரவில்லை, செருப்பை எடுக்கக் குனிந்தால் மற்றக் கால் இறங்கியது. தூரத்தில் ஓடை பாதையை அறுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பைக்கை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்தான். மழை வலுத்தது.

வீட்டுக்குப் போன் போட்டான். கோவில்பட்டியில் தூறல்தான் என்றாள் இவாஞ்சலின். பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டான். ஓடை வடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்தது. கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும். எதிரே ராக்கில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, ஒரு கிராமம், அடுத்த கிராமம் என்று எல்லாம் வரிசையாக அற்றுப்போனதைக் காட்டின. கரண்டும் போனது. பேட்டரியின் மெல்லிய ரீங்காரமும் மழையும் மட்டும் மிச்சம். இன்னும் முழுதாக இருட்டவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் நின்றுகொண்டிருந்தது.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது.

சுவரை அடைத்திருந்த மண். உருண்டையாக, முழுசாகத் தரையில் கிடந்தது. ஓட்டை திறந்திருந்தது.

“உங்க ஊர்ப்பக்கம் மழை உண்டுமா?”

ஆண் குரல். வயசாளி. அவசரமே இல்லாத, கனிவான குரல். யாரோ ஆடு மேய்க்கிறவர் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சுவரோரம் ஒண்டியிருக்கிறார் என்று ஜான்பீட்டர் நினைத்தான். மழையைப் பற்றிக் கேட்டால் கரிசல்காட்டான் எவனும் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டான். எதிரிகூட அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வான்.

கோவில்பட்டியில் தூறல்தானாம் என்று சொன்னான். உள்ளே வந்து இருங்கள் என்றும் கூப்பிட்டான். சுவருக்குள்ளிருந்து ஏதோ கீறுகிற சத்தம் மட்டும் வந்தது. ஆணியால் ஓலையில் கீறுவது போல, மெல்லிசாக.

சொந்த ஊரே கோவில்பட்டிதானா என்று குரல் கேட்டது. ஆமாம் என்றான். கீறல். பெண் எடுத்த இடமும் அங்கேதானா என்றது. ஆமாம். கீறல். மச்சினமார் உண்டா என்று கேட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். ஒருத்தர் உண்டு என்று சொல்லிவிட்டான்.

“அவிய இப்ப எங்கன இருக்காவ?”

ஜான்பீட்டர் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இவ்வளவு மழைச் சத்தத்தில் அந்தக் குரல் உயரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காதோடு பேசுவது போலக் கேட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். சுவரைப் பிடித்துப் பிடித்து, முழங்கால் வரை இறங்குகிற சேற்றில் மேற்குப் பக்கம் சுற்றி வந்தான். அவன் கால் பட்ட இடமெல்லாம் குழி. குழியெல்லாம் தண்ணீர். மேற்குச் சுவரோரம் டார்ச்சை அடித்தான். கரிசல் வழவழவென்று, மெழுகி விட்ட தரை மாதிரி விரிந்து கிடந்தது. ஒரு கால் தடம் இல்லை. ஓர் ஆட்டுக் குளம்புத் தடம்கூட இல்லை. ஒண்டி நிற்க ஒரு விளிம்பும் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவரில் ஓட்டையும் இல்லை.

பயத்தில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊர்ப்பக்கம் ஓடிவிடலாம் என்று எட்டு வைத்தான். இடதுகால் தொடை வரை இறங்கியது. மண் அதைப் பிடித்துக்கொண்டது, இழுக்க இழுக்கக் கவ்வியது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பற்றித்தான் வெளியே வரமுடிந்தது. போக ஒரே இடம்தான் இருந்தது. அழுதுகொண்டே உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி, ஓட்டையில் திணித்தான்.

கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது. இழுத்தான். அசையவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டான். காலைச் சுவரில் உதைத்து இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது.

“ரெண்டு தடவ போலீஸ் வீட்டுக்கு வந்துட்டாவ. பாவம், பாப்பா ரொம்பப் பயந்துட்டா.”

சட்டை ஓட்டையில்தான் இருந்தது. குரல் அதற்கு இந்தப் பக்கம், அறைக்குள்ளேயே கேட்டது.

“ஒங்களுக்கும் வேலை போயிருமோன்னு பயம். அவன் பிடிபட்டா வீடு அமைதியாகும். அன்னைக்கு நெனச்சியள்ல?”

ஜான்பீட்டர் காதைப் பொத்தினான். பொத்தியும் கேட்டது. குரலுக்குப் பின்னால் மூச்சுகள். நிறைய மூச்சுகள். சுவரின் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பது போல. அவர்கள் பேசவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு மட்டும் நின்றார்கள். சொல்ல மாட்டேன் என்று நின்றவர்கள் யார், எங்கே போனார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

“சொன்னா வீட்டுக்குப் போயிரலாம்யா.”

சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. சுவரில் சட்டை மெதுவாக, உள்பக்கமாக, இழுபட்டுக்கொண்டிருந்தது. முதலில் காலர். அப்புறம் தோள். அப்புறம் கை.

சட்டை போய்விட்டது.

ராக்கில் விளக்கு ஒன்று அணைந்தது. இன்னொன்று. ரீங்காரம் நின்றது.

இருட்டு.

முழங்கால் போட்டான். கிழக்குச் சுவரைப் பார்த்து, மேற்குக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடிக் கையைக் கூப்பினான். வேறு எதுவும் அவனிடம் இல்லை. வீட்டில் சாயங்கால ஜெபம் நடக்கிற நேரம்தான் அது. இவாஞ்சலின் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஜெபம் தவறியதில்லை. பாட்டு முடிந்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும், பெயரைச் சொல்லி, இருக்கிற ஊரைச் சொல்லி, குறையைச் சொல்லி, வாய்விட்டுக் கேட்க வேண்டும். பொத்தாம் பொதுவாக எல்லாரையும் ஆசீர்வதியும் என்றால் அவளுக்குப் பிடிக்காது. கேட்கிறதைத் தெளிவாகக் கேளுங்கள் என்பாள். நான்கு வருஷமாக ஒரே வரிசை, ஊர்தான் அவ்வப்போது மாறும். நாக்குக்கு அது பழகிய தடம்.

“பரலோகப் பிதாவே” என்று ஆரம்பித்தான். குரல் நடுங்கியது. அடுத்த வார்த்தை தானாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சொல்லச் சொல்ல நடுக்கம் குறைந்தது. பம்பாயில் இருக்கிற பெரியத்தையின் கண் ஆபரேஷனுக்காகக் கேட்டான். நாசரேத்தில் படுக்கையில் இருக்கிற சித்தப்பாவுக்குச் சுகம் கேட்டான். பாப்பாவின் இருமலுக்காகக் கேட்டான். பின்னால் மூச்சுகள் அடங்கின. குரல் அடங்கியது. மழைகூட அடங்கியது போலிருந்தது. கர்த்தர் கைவிடவில்லை என்று அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது, கண்ணீர் வழிய இன்னும் உரக்க, இன்னும் உருக்கமாக ஜெபித்தான்.

“தகப்பனே, புதூருக்கு மேற்கே கரிமூட்டத்துல ஒளிஞ்சிருக்கிற டெல்வின் மச்சானை…”

நின்றான்.

கண்ணைத் திறந்தான்.

அவன் பின்னால் கீறல் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நீளமாக. நிதானமாக. ஒரு வார்த்தை விடாமல்.

முடிந்தது.

“நல்லது” என்றது குரல்.

கதவு திறந்துகொண்டது. வெளியே மழை விட்டிருந்தது. சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. முழங்காலிலேயே திரும்பினான். இல்லை, அது ஜெபம், அது உங்களுக்குச் சொன்னதில்லை என்று சுவரைப் பார்த்து மன்றாடினான். அங்கே யாரும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, போய்விட்டார்கள்.

மேஜைமேல் போன் அடித்தது.

ஒரு லைனிலும் உயிரில்லை என்று அவனுக்குத் தெரியும். தவழ்ந்துபோய் எடுத்தான்.

“ஏங்க…” இவாஞ்சலின். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தாள். “அண்ணன் வந்துட்டான். முன்வாசல்ல நிக்கான்.”

கதவைத் திறக்காதே என்று கத்தினான்.

“ஹலோ? கேக்குதாங்க? ஒண்ணுமே கேக்கலியே.”

மறுபடி கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அவள் குரல் அவனுக்கு வந்தது, அவன் குரல் அவளுக்குப் போகவில்லை.

“நீங்க கேட்டுக்கிட்டு இருக்கியன்னு நெனச்சுச் சொல்லுதேன். உள்ள வான்னா வரமாட்டேங்கான். வீட்ல யாரெல்லாம் இருக்கியன்னு கேக்கான். நீங்கதான் எடத்தச் சொன்னியன்னு சொல்லுதான், எனக்கு ஒண்ணும் வெளங்கல.” ஜன்னலண்டை போய்ப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது கிசுகிசுப்பு மாறியிருந்தது. “ஏங்க. தலையை ஒரு பக்கமாச் சாச்சிக்கிட்டு நிக்கான். காலு…”

“காலு தரையில படலியே.”

ரிசீவர் எதன் மேலோ மோதி விழுகிற சத்தம். அவள் ஓடுகிற சத்தம். பாப்பா, போகாதே, போகாதே என்று அவள் தூரத்தில் கூப்பிடுவது கேட்டது. அதற்கு முன்னாலேயே பாப்பாவின் பீப்பீச் செருப்பு கிளம்பியிருந்தது. மாமா என்று ஒரு சிரிப்பு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கீச்சு. கீச்சு, கீச்சு என்று கூடத்தைத் தாண்டி, வாசல்படி வரை போனது.

நின்றது.

ஜான்பீட்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தான்.

ஒரு செருப்பு உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.